தொப்பியும் கொங்காணியும்

தலையில் அணியும் பொருளைக் கொண்டே ஒருவரது வர்க்கத்தைச் சொல்லிவிடலாம். கொத்மலைத் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இந்த உண்மையை எந்த நூலும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. துரைக்குத் தொப்பி, கங்காணிக்குத் தலைப்பாகை, கொழுந்து பறிக்கும் எங்கள் தாய்மாருக்குக் கொங்காணி.

கொங்காணி தையற்காரர் தைத்த ஆடையன்று. கம்பளியை அல்லது சாக்கை எடுத்து, ஒரு மூலையை உள்ளே மடித்துக் கூம்பாக்கித் தலைமேல் கவிழ்த்துக்கொள்வார்கள். அதற்கும் மேலே கூடைக் கயிறு அழுந்தும். தென்மேல் பருவ மழை இறங்கிவிட்டால் சாக்கு நீரைக் குடித்துக் கனக்கும். அந்தக் கனமும் கொழுந்தின் கனமும் ஒரே கழுத்தில்தான்.

1960களில் பிள்ளைகளாயிருந்த எங்களுக்கும் அதுவே தொப்பி. ஒரு சாக்கினுள் அக்காளும் தம்பியுமாக இரண்டு தலைகள் பள்ளிக்கு வரும். ஓரறைப் பாடசாலையின் மூலையில் ஈரச் சாக்குகள் குவிந்து, பாடம் முடியும்வரை சணல் வாடை வீசும். வீட்டில் ஒரே சாக்கு இருந்தால் அது தாயுடன் மலைக்குப் போய்விடும். ஆகவே அடைமழை நாளில் பாதி வகுப்பு வெறுமையாகும். எங்கள் கல்வியை வானமே தடுத்தது என்று சொல்வது எளிது. மழை பங்களாவின் மேலும்தான் பெய்தது. அங்கே எந்தப் பிள்ளையின் படிப்பு நின்றது?

இது எங்கள் மலைக்கு மட்டும் உரிய கதையன்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் நாடா கட்டிய வைக்கோல் தொப்பியைக் கோடை அழகுக்காக அணிந்தனர். அதே நாட்டில் 1908 முதல் லூயிஸ் ஹைன் எடுத்த குழந்தைத் தொழிலாளர் புகைப்படங்களில், பருத்திக் காட்டுச் சிறுவர்கள் ஓரம் பிய்ந்த வைக்கோல் தொப்பிகளோடு நிற்கின்றனர். வைக்கோல் ஒன்றுதான், வாழ்வு இரண்டு. இலங்கைத் தேயிலை 1893இல் சிக்காகோ உலகக் கண்காட்சியில் தனி மண்டபத்தில் கொலுவிருந்தது. அதைப் பறித்தவர்களின் தலையில் இருந்தது என்ன என்று அங்கே எவர் கேட்டிருப்பார்?

1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமைப் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெருமளவு தீர்வு கிட்டியது. 1977 முதல் தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. போராடாமல் கிடைத்தவை அல்ல இவை. ஆயினும் உரிமை தாளில் எழுதப்பட்டால் போதாது. அது பிள்ளையின் தலைவரை வந்து சேரவேண்டும்.

ஆசிரிய நண்பர்களே! மழை நாளில் வராத பிள்ளையின் பெயருக்கு நேரே குறியிடுமுன், அவ்வீட்டில் எத்தனை குடைகள் உண்டு என்று ஒருமுறை கேளுங்கள்.