விடுதியைப் பூட்டியபோது

போன வாரம் எங்கள் துறையில் ஒரு பேச்சு. மறுபடியும் ஒரு கொள்ளைநோய் வந்தால் கல்லூரியை மூடணுமா வேண்டாமா என்று. "இதுல யோசிக்க என்ன இருக்கு? பிள்ளைங்க பத்திரமா வீட்டுல இருக்கட்டும். பாடத்த ஆன்லைன்ல நடத்திட்டாப் போச்சு" என்றார் ஒரு பேராசிரியர். நல்ல மனுசன்தான். கௌரவ விரிவுரையாளரான நான் வாயைத் திறக்கவில்லை. அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன்.

2020 மார்ச் 17. தமிழ்நாட்டில் கல்லூரிகளை மூடிய நாள். அப்போது நான் முதுகலை முதலாண்டு. ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரு அறைக்கு ஆறு பேர். "ரெண்டு வாரந்தான், சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணுங்க" என்றார் வார்டன் அம்மா. நோட்டுகளை டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டி அங்கேயே விட்டுவிட்டு, மாற்றுத்துணியோடு பண்ருட்டிக்கு பஸ் ஏறினேன். ரெண்டு வாரம் ஒன்பது மாதமாயிற்று.

அந்த விடுதியை நாங்கள் மெச்சிக்கொண்டதில்லை. சாம்பாரில் பருப்பைத் தேடணும். கக்கூசுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஆனாலும் ராத்திரி பதினோரு மணிக்கும் படிக்க லைட்டு எரியும். மூணு வேளை தட்டில் சோறு விழும். நீ எந்தத் தெரு என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் வீடு ஒரே அறை. அதில் அஞ்சு பேர். ஊரடங்கில் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலையும் நின்றுபோச்சு. அம்மா ரேஷன் அரிசியை அளந்து அளந்து போட்டாள். ஆகஸ்டில் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். அப்பாவிடம் இருந்தது பட்டன் செல். அம்மா கம்மலை அடகு வைத்து ஒரு செல் வாங்கினோம். காலனியில் சிக்னல் கிடையாது. ஊர்த்தெருவில் தண்ணி டேங்குக்குக் கீழேதான் கிடைக்கும். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தேன். மூணாம் நாள் ஒருத்தர் வந்தார். "காலனிப் பொண்ணுக்கு இங்க என்னா வேல? யாருகிட்ட பேசுற?" பாடம் கேட்கிறேன் என்றேன். "உன் தெருவுல போயிக் கேளு" என்றார். செல்லுக்குள்ளே வாத்தியார், "எல்லாருக்கும் கேக்குதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

விலகி இருங்கள் என்றது அரசாங்கம். எங்களுக்கு அது புது வார்த்தையா? ஒதுக்கிவைத்த இடத்திலிருந்து படித்துத் தப்பி வந்த பிள்ளைகளை, அதே இடத்துக்கு பஸ் ஏற்றிவிட்டு, அதுக்குப் பாதுகாப்பு என்று பேர் வைத்தார்கள்.

தெரியாமல் செய்ததில்லை. 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்பே சொன்னது: இந்தியக் கிராமங்களில் 100 வீட்டில் 15 வீட்டுக்குத்தான் இணைய வசதி. கம்ப்யூட்டர் 4 வீட்டில். தமிழ்நாட்டில் கல்லூரி மாணவர்க்குத் தினம் 2 ஜிபி இலவச டேட்டா என்று அறிவித்ததே 2021 ஜனவரியில்தான்.

2020 டிசம்பரில் இறுதியாண்டுக்குத் திறந்தபோது எங்கள் அறை ஆறு பேரில் நாலு பேர்தான் திரும்பினோம். ரெண்டு பேருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. "சும்மாத்தான வீட்டுல கெடக்குது" என்று முடித்துவிட்டார்கள். என் பெட்டி வராந்தாவில் கிடந்தது. நோட்டெல்லாம் மழையில் ஊறிப்போயிருந்தன. நடுவில் விடுதியை நோயாளிகளுக்கு எடுத்துக்கொண்டார்களாம். அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். எங்கள் பெரியப்பாவையும் அந்த நோய்தான் கொண்டுபோனது. ஆனால் எங்களுக்கு வேறொரு கூரையைக் காட்டியிருக்கணும்.

வகுப்பை மூடட்டும். கூட்டத்தைக் குறைக்கட்டும். விடுதியையும் நூலகத்தையும் சேர்த்து மூடக்கூடாது. வீட்டில் இடம் இருக்கிறவர்கள் போகட்டும். ஆறு பேர் அறையில் ரெண்டு பேர் இருக்கட்டும். அடுப்பு எரியட்டும். நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டுப் படிக்க விடட்டும். 'உனக்கு வீட்டில் படிக்க இடம் இருக்கா?' என்று ஒரு தாளைக் கொடுத்துக் கேட்டிருந்தாலே பாதி விஷயம் புரிந்திருக்கும். அன்றைக்கு ஒருத்தரும் கேட்கவில்லை. தனக்கு இருக்கிற மாதிரி எல்லோருக்கும் வீடு இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் போகிறேன். படிப்பை விட்டுப்போன அந்த ரெண்டு பேருக்கும் கொரோனா வரவேயில்லை. அதனால் அவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.