ஆறு விழுக்காடு

பத்து பகாட் சாலையும் குளுவாங் சாலையும் வந்து சேரும் ஆயர் ஈத்தாமில் என் மாமா உணவகம் வைத்திருக்கிறார். 2015 ஏப்ரல் முதல் தேதி பொருள் சேவை வரி வந்தபோது, தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி ரசீது போடும் மென்பொருள் எழுதி வாங்கினார். மூன்றாண்டுகள் குறையில்லை. 2018 ஜூன் முதல் தேதி அந்த வரி சுழியமானது. ரசீதில் மட்டும் ஆறு விழுக்காடு போகவில்லை. அந்த எண் நிரலுக்குள்ளேயே பல இடங்களில் எழுதப்பட்டிருந்தது. எழுதியவரோ சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். வழியில் இறங்கிச் சாப்பிடுகிறவர்கள், "வரிதான் இல்லையே, இன்னும் ஏன் பிடிக்கிறீங்க?" என்று கேட்கத் தொடங்கினர். மாமா சில வாரங்கள் கையால் ரசீது எழுதினார். "ஒரு நம்பர மாத்த ஓர் ஆளத் தேடணுமாய்யா?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது பதினைந்து வயது.

நிரலாளர்கள் இதை 'ஹார்ட்கோட்' என்பார்கள்.

சென்ற ஆண்டு தொழிற்பயிற்சியில் இதே கேள்வி மீண்டும் வந்தது. குழுவில் ஒருவர் எழுதும் நிரலை இன்னொருவர் படித்து ஒப்புதல் தந்த பிறகே சேர்ப்பது வழக்கம். தமிழ்ப்பள்ளியில் கட்டுரைப் புத்தகங்களை மாற்றிக்கொண்டு திருத்துவோமே, அப்படித்தான். படிக்க நிரல் காத்திருக்கிறது என்று செய்தி அனுப்ப ஒரு சிறு இணைப்பு இருந்தது. சர்வர் முகவரி, செய்தி போகும் குழு, எத்தனை பேர் ஒப்புதல், இரகசியச் சாவி எல்லாமே அதன் நிரலுக்குள்! இன்னொரு குழுவும் அதைக் கேட்டபோது, நகலெடுத்து முகவரியை மாற்றினால் போதும் என்றனர் சிலர். நகலெடுத்தால் ஒரு பிழையை இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். நான் தனி அமைப்புக் கோப்பு கேட்டேன், கிடைத்தது. சாவியை மட்டும் அதில் வைக்கவில்லை. கோப்பைப் படிப்பவர் எல்லாருக்கும் அது தெரிந்துவிடும்.

எண்ணை வெளியே எடுத்தால் மட்டும் போதாது. 2024 மார்ச் முதல் தேதி சேவை வரி எட்டு விழுக்காடானது. உணவு, பானத்துக்கோ ஆறாகவே நின்றது. 'வரி 6' என்ற ஒற்றை வரி கோப்பில் இருந்தாலும் பயனில்லை. எந்த வகைக்கு, எந்தத் தேதியிலிருந்து என்பதும் வேண்டும். அதனால் எங்கள் கோப்பிலும் ஒவ்வொரு குழுவுக்கும் தனிப் பகுதி வைத்தோம்.

பெரிய வாக்குவாதம் ஒப்புதல் எண்ணிக்கையில்தான். அவசரத்தில் யாராவது இரண்டை ஒன்றாக்கி, பிறகு சுழியமாக்கிவிட்டால்? ஆகவே அந்தக் கோப்பை மாற்றினாலும் இன்னொருவர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்று வைத்தோம். எண்ணிக்கை குறிக்கப்படாவிட்டால் இணைப்பு தானாக ஒன்றை ஊகிக்காது, நின்றுவிடும்.