குற்றம் கையில் இல்லை

உங்கள் வீட்டில் மின்கித்தார் வாசிக்கும் பிள்ளை உண்டா? அப்படியானால் என் கதையைக் கொஞ்சம் கேளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு கல்யாண மண்டபத்தில் என் மகன் வாசித்தபோது, பாட்டைவிட 'உம்'மென்ற இரைச்சலே பெரிதாகக் கேட்டது. "ஒழுங்காக வாசிக்கத் தெரியாதா?" என்று நாலு பேர் முன்னிலையில் திட்டிவிட்டேன். மூன்று மாதம் அவன் கித்தாரைத் தொடவே இல்லை.

பிறகு அவன் நண்பன் தன் கித்தாரைக் கொண்டுவந்து, இரண்டையும் ஒரே ஒலிபெருக்கியில் மாட்டி வாசித்துக் காட்டினான். தந்திகளுக்கு அடியில் உள்ள 'பிக்கப்'பில்தான் சூட்சுமமாம். மகனுடையது ஒற்றைச் சுருள். மணியடித்தாற்போல் தெளிவான ஒலி. ஆனால் அக்கம்பக்கத்து விளக்கு, மின்கம்பிகளின் இரைச்சலையும் அது வாங்கிக்கொள்ளும். நண்பனுடையது இரட்டைச் சுருள். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் சேத் லவர் வடிவமைத்த வகை. ஒரு சுருள் வாங்கும் இரைச்சலை மற்றது அழித்துவிடுகிறது. ஒலியும் கனமாக, மெத்தென்று வருகிறது.

அன்றிரவே மகனிடம் மன்னிப்புக் கேட்டேன். "விளக்கை விட்டுத் தள்ளி நின்று வாசிக்கிறேன், அப்பா" என்றான். புதுக் கித்தார் அவன் கேட்கவில்லை; அந்த மணியொலிதான் எனக்கும் பிடிக்கிறது.

பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன் நீங்களும் ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்.