பந்தைத் தொடாத பிள்ளை

ஆட்டம் முடிந்து பிள்ளைகள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாய் என்னிடம் வந்தார். மத்தியான நிறுவையோடு மலையை விட்டு இறங்கி, அரைப்பேரைப் போட்டுவிட்டு மகளின் ஆட்டம் பார்க்க வந்தவர். தலைத்துண்டைக் கூட அவிழ்க்கவில்லை.

"சேர், எம் புள்ள பந்தத் தொடவே இல்லீங்களே?"

"அவ தொடத் தேவையில்லம்மா. அவ மறிச்சு நிக்கிறதாலதான் மத்தப் புள்ளைக்கு எறிய எடம் கெடைக்குது."

"நிக்கிறதுக்கா சேர் கூட்டிக்கிட்டு வந்தீங்க?"

அப்போது எனக்குப் பதில் வரவில்லை.

கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் நான் கற்றது வலைப்பந்தும் கரப்பந்தும்தான். கூடைப்பந்தாட்டத்தைப் பிறகு விதிநூலையும் கைத்தொலைபேசியையும் பார்த்துத்தான் படித்தேன். ராகலைப் பக்கத்தில் எங்கள் பாடசாலை மைதானம் சரிவை வெட்டிச் சமப்படுத்திய ஒரு துண்டு நிலம். விளிம்பைத் தாண்டினால் பந்து தேயிலைக்குள் போய்விடும். மூடுபனி இறங்கிவிட்டால் தேடுவதற்கே அரை மணித்தியாலம். வளையத்தைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் இரும்புக் கம்பியை வளைத்துச் செய்து தந்தார். 1891இல் ஸ்பிரிங்ஃபீல்டில் நைஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பீச் பழக் கூடைகளை ஆணியடித்து ஆரம்பித்த விளையாட்டுத்தானே, நமக்கென்ன வெட்கம்?

எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே பெயர் தர்ஜினி சிவலிங்கம். யாழ்ப்பாணத்துப் பிள்ளை; வலைப்பந்தில் 2009இலும் 2018இலும் இலங்கை ஆசியக் கிண்ணம் வென்ற அணிகளில் கோல் போட்டவர். உயரம் ஆறடி பத்து அங்குலம். அவருக்கு யாரும் வழி விலக்கிக் கொடுக்க வேண்டியதில்லை, தலைக்கு மேலே பந்தைப் போட்டால் போதும். எங்கள் பிள்ளைகளோ ஐந்தடியைத் தொட்டாலே பெரிய விடயம். ஆகவே உயரத்துக்குப் பதிலாக வேறொன்றைத் தேட வேண்டியிருந்தது. அதுதான் ஸ்கிரீன்.

பந்து ஒரு பக்கம் இருக்கும். மறுபக்கத்தில், பந்தில்லாத ஒருத்தி தன் தோழியைக் காவல் செய்யும் எதிரணிப் பிள்ளையின் பாதையில் போய் நிற்பாள். தோழி அவளுடைய தோளை உரசிக்கொண்டு ஓடுவாள். காவல்காரி அங்கே தடைப்படுவாள். ஓரிரு விநாடி இடைவெளி கிடைக்கும், அதற்குள் பந்து கைக்கு வந்துவிட வேண்டும். உரசாமல் ஓடினால் நடுவே காவல்காரி புகுந்துவிடுவாள். அவள் பின்னாலேயே துரத்தி வந்தால் கூடையை நோக்கி வளைய வேண்டும்; மறுபக்கத்தால் குறுக்கே வர முயன்றால் வெளியே விலக வேண்டும். அந்த முடிவை ஓடுகிறவள் ஓடும்போதே எடுக்க வேண்டும்.

நிற்பவளுக்குத்தான் சட்டம் கடுமை. உடல் முட்டும் நேரத்தில் இரண்டு காலும் தரையில் இருக்க, அசையாமல் நிற்க வேண்டும். எதிராளியின் பார்வைக்கு வெளியே நின்றால் ஓர் அடி இடம் விட வேண்டும். இடுப்பைச் சற்று நீட்டினாலும் தவறு. "மரமா நில்லு" என்று நான் கத்துவேன். பிள்ளைகள் அதையே பெயராக்கி விட்டார்கள். அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு 'மரம்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. கட்டுமஸ்தான உடம்பு, எறிதல் சரியாக வராது. ஆகவே ஆட்டம் முழுவதும் அவளையே நிற்க வைத்தேன். அதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவேயில்லை.

அவளிடம் கிளே தொம்சனின் கதையைச் சொல்லியிருந்தேன். 2016 டிசம்பரில் இந்தியானா அணிக்கெதிராக அவர் 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டம் முழுவதும் பந்தைத் தரையில் தட்டியது 11 தடவைகள்தான், பந்து கையிலிருந்தது சுமார் 90 விநாடிகள். மற்ற நேரமெல்லாம் அடுத்தவர்களின் தோள்களை உரசி ஓடினார். "அந்தத் தோள் நீதான்" என்றேன். பிள்ளை தலையாட்டினாள். ஆனால் அந்தத் தோள்களின் சொந்தக்காரர்கள் யாரென்று அவள் கேட்டிருந்தால் எனக்குச் சொல்லத் தெரிந்திராது. அமெரிக்க என்.பி.ஏ. சுற்றிலேயே ஸ்கிரீனால் கிடைத்த கோல்களை எண்ணி வெளியிடத் தொடங்கியது 2016இல்தான்.

தாயின் கேள்வி எங்கிருந்து வந்தது என்பது அன்றிரவுதான் விளங்கியது. மலையில் தராசில் ஏறியதுதான் உழைப்பு. கிலோ குறைந்தால், மழையில் நின்றதையும் வழுக்கி விழுந்ததையும் யாரும் கொப்பியில் எழுதுவதில்லை. மகளாவது எண்ணப்படுகிற இடத்தில் இருப்பாள் என்று நினைத்து அரைநாள் சம்பளத்தை விட்டு வந்திருக்கிறார். நான் அங்கும் கணக்கில் வராத வேலையைத்தான் கொடுத்திருந்தேன்.

பழைய ஆட்டங்களை மறுபடி போட்டுப் பார்த்தேன். இம்முறை ஸ்டீபன் கறியைப் பந்து இல்லாதபோது மட்டும் கவனித்தேன். ரே அலனின் 2,973 மூன்று புள்ளிக் கோல்களை 2021 டிசம்பரில் கடந்தவர் அவர். அப்படிப்பட்டவர் அடுத்தவனுக்காகத் தானே போய் மறித்து நிற்கிறார்! அவருடைய காவல்காரன் அவரை விட்டு நகரப் பயப்படுகிறான். அதனால் உதவிக்குப் போக முடியாமல் மற்றவன் தப்பிவிடுகிறான். இருவரும் மற்றவனைத் துரத்தினாலோ, மறித்து நின்றவரே தனியாகிவிடுகிறார். எறியத் தெரியாதவளை நிறுத்துவதுதான் புத்தி என்று நான் கணக்குப் போட்டது ஆட்டத்தின்படியே பிழை. அவளை விட்டுவிட்டு எதிரணி இருவராகத் துரத்தியதும் அதனால்தான்.

அடுத்த தவணையில் ஐந்து பேரும் முறைவைத்து நின்றார்கள். நன்றாக எறிகிற பிள்ளை முதலில் முகத்தைச் சுழித்தாள். 'மரத்து'க்கு ஒவ்வொரு மாலையும் கூடைக்கடியில் ஐம்பது எறிதல். மறித்து நின்ற கையோடு திரும்பிக் கூடையை நோக்கி வெட்டிப்போகப் பழக்கினேன்.

அயல் பாடசாலையுடன் மீண்டும் ஆடினோம். தோற்றோம், நான்கு புள்ளிகளால். தாய் அன்று வரவில்லை, கொழுந்து மலிந்த நாள். மாலையில் லயத்துப் பக்கமாக நடந்தபோது பீலியடியில் குடத்தோடு நின்றார்.

"தொட்டாளா சேர்?"

"ஏழெட்டுத் தரம்."

"விழுந்துச்சா?"

"ரெண்டு விழுந்துச்சும்மா."

குடம் நிறைந்து வழிந்தது. அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டே கேட்டார்:

"மத்தப் புள்ளைங்களும் நின்னாங்களா?"

"எல்லாரும் நின்னாங்க."