எண்ணெய்ச் சட்டி இல்லாமல் எங்கள் ஊர் நெம்

புதுச்சேரிக்கு வருகிறவர்கள் கடற்கரை, மணக்குள விநாயகர் கோயில், பாரதி பூங்கா என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். ஆனால் எங்கள் ஊரின் கதையில் பாதி அடுப்பங்கரையில்தான் இருக்கிறது! சகோதரிகளே, 'நெம்' கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

அரிசிமாவுத் தாளில் பூரணத்தை வைத்துச் சுருட்டி, எண்ணெயில் பொரித்தெடுக்கும் வியட்நாம் பலகாரம் இது. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் நம்மவர்கள் பலர் பட்டாளத்திலும் சர்க்கார் உத்தியோகத்திலும் சேர்ந்து சைகோன் போனார்கள். இன்று ஹோ சி மின் நகரம் எனப்படும் அந்த ஊரில், தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இப்போதும் இருக்கிறது. 1954-ல் இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆட்சி முடிந்தது. அதே ஆண்டு நவம்பர் 1-ம் தேதி புதுச்சேரியும் இந்தியாவின் கைக்கு வந்தது. அங்கிருந்து திரும்பியவர்களில் சிலர் வியட்நாம் மனைவியோடு வந்தார்கள். கூடவே நெம்மும் வந்தது.

எங்கள் தெருவில் அப்படி ஒரு குடும்பம். அந்த வீட்டுப் பாட்டி, கிறிஸ்துமஸ் வந்தால் தட்டு நிறைய நெம் அனுப்புவார். இருதயக் கோளாறு என்று டாக்டர் பொரித்த பண்டங்களுக்குத் தடை போட்டதும் நின்றுபோயிற்று. பெண்களோ பிரான்சில். "நான் விட்டுட்டா இதை யாரும்மா செய்வா?" என்று பாட்டி கேட்டது என் மனசை என்னவோ செய்தது. அவனில் சுட்டுப் பார்ப்போமே என்றேன். அமெரிக்காவின் அரிசோனா பக்கம் கோதுமை ரொட்டியில் பூரணத்தை மடித்துப் பொரிக்கும் சிமிச்சாங்காவையே இப்போது பலர் அவனில் சுடுகிறார்களே!

பாட்டி சொல்லச் சொல்ல நான் செய்த முறை இது. 12 தாளுக்குக் கால் கிலோ கொத்திய கோழிக்கறி (சைவத்துக்குக் காளான்), 2 துருவிய காரட், 1 வெங்காயம், ஊறவைத்து நறுக்கிய கண்ணாடி சேமியா 50 கிராம், மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு. எல்லாவற்றையும் ஒரு ஸ்பூன் எண்ணெயில் நன்றாக வேகும்வரை வதக்கி ஆறவிடுங்கள். ஈரம் தங்கினால் தாள் கிழியும். தாளை வெதுவெதுப்பான நீரில் நனைத்து உடனே எடுத்து, பூரணம் வைத்து, இரு ஓரங்களையும் மடித்து இறுக்கிச் சுருட்டுங்கள். எண்ணெய் தடவிய தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி, மேலேயும் லேசாக எண்ணெய் தடவி, 200 டிகிரி சூட்டில் 25 முதல் 30 நிமிடம் சுடுங்கள். பாதியில் ஒரு தடவை திருப்பிவிடுங்கள். அவன் இல்லையா? தோசைக்கல்லில் சிறுதீயில் புரட்டிப் புரட்டிச் சுடலாம்.

சூட்டோடு சாப்பிட வேண்டும். ஆறினால் ஜவ்வாக இழுக்கும். புதினா, லெட்டூஸ் இலையில் சுற்றி, எலுமிச்சை, பூண்டு, மிளகாய் சேர்த்த மீன் சாஸில் தொட்டுக்கொள்வது வழக்கம். அந்த சாஸில் உப்பு அதிகம். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் எலுமிச்சைச் சாறோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பொரித்த நெம்மின் மொறுமொறுப்பு இதில் முழுக்க வராதுதான். பாட்டி ஒன்றைக் கடித்துவிட்டு, "சத்தம் கம்மி, ருசி அதேதான்" என்றார். போன கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக்கு மறுபடி தட்டு வந்தது. பத்தியம் என்றதும் பலகாரத்தையே கைகழுவ வேண்டியதில்லை. சட்டியை மாற்றினால் போதும். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கைப்பக்குவம் எதுவானாலும், அவர்கள் பக்கத்தில் நின்று இப்போதே கற்றுக்கொள்ளுங்களேன்!