புதுச்சேரித் தமிழ் வீதிகளைக் காத்தல்

புதுச்சேரியின் பழைய நகரம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் நேர்வீதிகளால் ஆனது. 1693 முதல் 1699 வரை ஊரைக் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் 1694-இல் வரைந்த திட்டமே அதற்கு அடிப்படை. 1761-இல் ஆங்கிலேயர் நகரை இடித்துத் தரைமட்டமாக்கினர். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் பெரும்பாலும் அதே வீதிக் கோடுகளின் மேல்தான் மறுபடி கட்டினர். பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடலோரமாக, பிரெஞ்சுப் பகுதி. மேற்கே தமிழ்ப் பகுதி. உயர்ந்த மதிலும் தூண் வரிசையுமாக நிற்கும் கிழக்குப் பகுதி எளிதில் கண்ணைக் கவரும். பாதுகாக்கக் கடினமானது மேற்குப் பகுதியே.

அங்கே வீடு வீதியிலேயே தொடங்கிவிடுகிறது. மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பு வீதியோரம் நிழல் தரும், அதுதான் தாழ்வாரம். அதை அடுத்துத் திண்ணை, செதுக்கு வேலைப்பாடுள்ள கதவு, ரேழி, பிறகு முற்றம். பின்னாளில் மாடி எழுப்பியவர்கள் கீழ்த்தளத்தைத் தமிழ் முறையில் விட்டுவிட்டு, மேலே வளைவுச் சன்னலும் அரைத்தூணும் கைப்பிடிச் சுவரும் பிரெஞ்சு பாணியில் வைத்தார்கள். பக்கத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டுத் தாழ்வாரம் முடிகிற இடத்தில் அடுத்ததன் தாழ்வாரம் தொடங்குகிறது. தனித்துப் பார்த்தால் இவற்றில் பல சாதாரண வீடுகள். வரிசையாக நிற்கும்போதுதான் அவை நகரமாகின்றன.

ஆகவே, சிறந்த கட்டடங்களைத் தேர்ந்து பட்டியலிடுவதோடு நின்றுவிடும் திட்டம் இங்கே தோற்கும். பட்டியலில் இல்லாத ஒரு வீடு இடிந்தாலும் வரிசை அறுந்துபோகிறது. அதைவிடப் பெரிய கேடு, புறநகர் மனைகளை மனத்தில் வைத்து எழுதப்படும் கட்டட விதிகளால் வருகிறது. மனையின் முன்புறம் இத்தனை அடி காலியிடம் விட வேண்டும் என்ற விதி புதிய குடியிருப்புக்குப் பொருந்தும். தமிழ் வீதியில் அதே விதிப்படி எழும் கட்டடம் வரிசையிலிருந்து பின்வாங்கி நிற்கும், காலியிடத்தில் வண்டி நிற்கும், நிழல் போய்விடும். சட்டத்தை மீறாமலேயே ஒரு வீதி இப்படிச் சிதையலாம் என்பதுதான் வேதனை. எனவே பழைய பகுதிக்கெனத் தனி விதிகள் தேவை: முகப்பு வீதிக்கோட்டிலேயே நிற்க வேண்டும், உயரம் அண்டை வீடுகளை மிஞ்சக் கூடாது, தாழ்வாரத்தின் தொடர்ச்சி அறக் கூடாது. அவற்றை எழுதுமுன் ஒவ்வொரு வீதியின் இரு பக்க முகப்புகளையும் முழுநீள வரைபடமாகத் தீட்டிக்கொள்ள வேண்டும். இந்த வேலையைத் தவிர்த்துவிட்டுச் செய்யும் திட்டம் வெறும் ஊகம்.

வீதியை முழுதாக எடுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதை வைசியாள் வீதி காட்டியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் மரபுடைமைப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக்கும் அரசும் வீட்டுக்காரர்களும் சேர்ந்து 2000-களின் தொடக்கத்தில் அதன் ஒரு பகுதியைச் சீரமைத்தார்கள். மறைந்திருந்த தாழ்வாரங்களும் திண்ணைகளும் மீண்டன. 2008-இல் அதற்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுடைமை விருது கிடைத்தது.

பொருளறிவும் திட்டத்தின் பகுதியே. பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தளம் தேக்குச் சட்டங்களின் மேல் சுண்ணாம்புக் காரையில் செங்கல்லைக் குத்தாகப் பதித்த மெட்ராஸ் தளம். கடற்காற்றில் உப்பும் ஈரமும் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விடும். சிமெண்டு உள்ளேயே அடைத்துச் செங்கல்லை உதிரச் செய்யும். மழைநீர் இறங்கினால் சட்டத்தின் நுனி மக்கும். 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் இருந்த, மேரி எனப்படும் பழைய நகராட்சிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உலக வங்கி உதவியோடு பழைய வடிவில் மீண்டும் எழுந்து 2021-இல் திறக்கப்பட்டது. வடிவம் திரும்பியது, பழைய சுவர் திரும்பவில்லை. ஆண்டுதோறும் மழைக்கு முன் ஓடு மாற்றிக் காரை பூசச் சிறு உதவித்தொகை தருவது, இடிந்தபின் கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

மீதி உரிமையாளரைப் பொறுத்தது. ஒரு முற்றத்து வீடு பல வாரிசுகளுக்குப் பங்காகும்போது, இடித்து அடுக்குமாடி கட்டுவதே எளிய பாகப்பிரிவினையாகத் தெரிகிறது. சில வீடுகள் விடுதிகளாகிப் பிழைத்தன. ஆனால் வீதி முழுக்க விடுதியானால் திண்ணையில் உட்கார ஆள் இருக்காது. குடியிருப்போருக்கு வரிச்சலுகை, பழுதுபார்க்கக் குறைந்த வட்டிக் கடன், கட்ட முடியாமல் விட்ட பரப்புக்கு ஈடாக வேறிடத்தில் கட்டும் உரிமை ஆகியவை சேர்ந்தால்தான் கட்டுப்பாட்டை அவர்கள் ஏற்பார்கள். பழுதுபார்க்கும் அனுமதி இடிக்கும் அனுமதியைவிட விரைவாகவும் குறைந்த செலவிலும் கிடைக்க வேண்டும். இடிக்கும் மனு வந்தால், வல்லுநர் குழு வீட்டை நேரில் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும்.