மூலன் உடலும் பேஜ்மேக்கர் கோப்பும்

விண்டோஸ் 11 ஓடும் கணினித் திரையில் ஒரு சன்னல். அந்தச் சன்னலுக்குள் பச்சைக் குன்றும் நீல வானமுமாக விண்டோஸ் எக்ஸ்பி. அதற்குள் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர். கோவை டவுன்ஹால் பக்கம் டிடிபி வேலை செய்யும் நண்பர், பழைய கவிதைத் தொகுப்பு ஒன்றை மறுபதிப்புக்காக அதில் திறந்து திருத்திக்கொண்டிருந்தார். "இன்னுமா இதுல பண்றீங்க?" என்றேன்.

"புது வீடு இதுக்கு ஒத்து வர்றதில்லீங்க. பழைய வீட்டையே தூக்கி உள்ள வெச்சுட்டனுங்க."

பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். அதன் கோப்புகளைத் திறக்கும் வசதி அதன் இடத்துக்கு வந்த இன்டிசைனில்கூட சிஎஸ்6 பதிப்போடு நின்றுபோயிற்று. தமிழுக்குச் சிக்கல் இன்னும் ஆழமானது. அன்றைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை ஏற்றிவைத்தவை, ஆளுக்கொரு வரிசை. உரிய எழுத்துரு இல்லையென்றால் கவிதை முழுவதும் பொருளற்ற குறிகளாகச் சிதறிவிடும். 2010 ஜூனில், இதே கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு முன் அச்சுக்கோத்த புத்தகங்கள் தாமாக ஒருங்குறிக்கு வந்து சேரவில்லை. மாற்றிகள் எழுத்தை மாற்றித் தரும். வரி உடைந்த இடத்தையும் பக்கத்தின் அழகையும் யார் தருவது?

அந்தச் சன்னலைப் பார்த்ததிலிருந்து எனக்குத் திருமூலர் நினைவாகவே இருக்கிறது. சேக்கிழார் சொல்லும் கதை. கயிலையிலிருந்து பொதிய மலைக்குப் போகும் யோகியார், காவிரிக் கரையில் சாத்தனூர் அருகே பசுக்கள் கதறுவதைக் காண்கிறார். மேய்ப்பவன் மூலன் இறந்து கிடக்கிறான். பசுக்கள் அவனைச் சுற்றிச் சுற்றி வருகின்றன, மோந்து பார்க்கின்றன. அவற்றுக்கு யோகமும் தெரியாது, ஞானமும் தெரியாது. வேண்டியது மூலன் மட்டுமே. யோகியார் நினைத்திருந்தால் வேறொரு மேய்ப்பனை அழைத்து வந்திருக்கலாம். அவரோ தம் உடலை ஓரிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு மூலன் உடலுக்குள் புகுந்தார். மூலன் எழுந்தான், பசுக்களின் துயரம் தீர்ந்தது, மாலையில் வீடு திரும்பின. அந்த மாடுகளுக்காக ஒரு யோகி தம் பயணத்தையே நிறுத்தினார் என்பதை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8இல் நிறுத்தியது. அதை நம்பியிருந்த கோப்புகள் அநாதையாயின. நண்பரின் சன்னலுக்குள் ஓடுவது ஒரு விர்ச்சுவல் மெஷின், கணினிக்குள் ஒரு பாவனைக் கணினி. அதில் நடப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்புகூட இல்லை. பழைய நிரலின் கட்டளைகளைப் புதிய இன்டெல் சில்லு நேரடியாகவே இயக்குகிறது. வன்தட்டையோ திரையையோ தொட முயலும்போது மட்டும் இடையில் ஒரு மென்பொருள் மறித்து, தானே அந்தத் தட்டாகவும் திரையாகவும் நின்று பதில் சொல்கிறது. உயிர் புதியது, உடல் பழையது. பசுக்களுக்கு அது போதும். எக்ஸ்பி கேட்ட குறைந்தபட்ச நினைவகமோ 64 எம்பி. இன்றைய 8 ஜிபி கணினியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை.

இதைவிட இலகுவான விர்ச்சுவல் மெஷின்களும் வந்துவிட்டன. அமேசான் 2018இல் வெளியிட்ட ஃபயர்கிராக்கர், 125 மில்லி வினாடியில் ஒரு லினக்ஸ் எந்திரத்தை எழுப்பிவிடும். தேவையற்ற பழைய சாதனங்களைக் கழற்றிவிட்டதுதான் அந்த வேகத்தின் காரணம். தான் விருந்தாளி என்று அறிந்த லினக்ஸுக்கு அது சரிப்படும். எக்ஸ்பிக்குத் தான் விருந்தாளி என்பதே தெரியாது. அதற்குப் பழைய வட்டு, பழைய மவுஸ் எல்லாம் இருப்பதாகவே காட்ட வேண்டும். அந்தச் சுமையைச் சுமக்க நான் மனமாரச் சம்மதிப்பேன்.

நண்பரின் எக்ஸ்பி, எழுத்துருக்கள் உட்பட, இப்போது ஒரே கோப்பு. ஈரோட்டிலிருக்கும் மச்சானிடமும் ஒரு நகல் கொடுத்துவைத்திருக்கிறார். நம் பதிப்பாளர்களின் அலமாரிகளில் பேஜ்மேக்கர் கோப்புகள் ஏறிய சிடிக்கள் இன்னும் கிடக்கின்றன. கோப்பை மட்டும் எடுத்தால் போதாது; அது எந்த எழுத்துருவில், எந்தப் பதிப்பில் கோத்தது என்பதையும் சேர்த்து எடுக்க வேண்டும். சிடியைப் படிக்கும் கருவி கடையில் கிடைக்கும்போதே, அன்று கோத்தவர்கள் கேட்டால் பதில் சொல்லும் தூரத்தில் இருக்கும்போதே.